மல்யுத்தத்துக்கு ஒரு வீடு

ஜனவரி 9, திங்கள்

உள்ளரங்கைச் சூடாக்கும் கொதிகலன் மறுபடியும் படுத்துவிட்டது. பெண்கள் கூடைப்பந்து அணி கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பயிற்சி செய்தது. பழுது பார்க்க வந்தவன் அதைத் தட்டிப் பார்த்து, "இவரு உங்களைவிட வயசுல பெரியவர் சார்" என்றான். அப்படியானால் பாராட்டு விழாவை அவருக்கே வைக்கலாம் என்றேன்.

எனக்கு ஒரு கேடயம் கொடுக்கப் போகிறார்களாம். பிப்ரவரியில், எங்கள் கேல்டர் பல்கலைக்கழகத்தில் இந்தப் பருவத்தில் நடக்கும் கடைசி மல்யுத்தப் போட்டியன்று, இடைவேளையில். செய்திப் பிரிவு டெஸ்ஸா, "உங்க சாதனையெல்லாம் ஒரு பக்கத்துக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க மிஸ்டர் ஓடகார்ட்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உட்கார்ந்து எழுதினேன். மல்யுத்தம் செய்ய வந்த மாணவன். முழங்கால் போனதும் துணைக் கோச். பிறகு டிக்கெட் கிழித்து, பேருந்து ஓட்டி, சோளக்காட்டு முதலாளிகளிடம் நன்கொடைக்குப் பல்லிளித்து, கடைசியில் விளையாட்டுத் துறை இயக்குநர். நான் இந்த நாற்காலிக்கு வந்தபோது பெண்கள் அணிகள் பேருந்துக்குள் உடை மாற்றிக்கொண்டிருந்தன. இன்று அவர்களுக்குத் தனிக் கட்டடம். எல்லாவற்றுக்கும் மேல், போன கோடையில் கேல்டரைப் பழைய சமவெளி லீக்கிலிருந்து பெரிய லீக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வருகிற ஜூலையில் மாறுகிறோம். ஊர்ப் பத்திரிகை என் படத்தைச் சோள விலைக்கு மேலே போட்டது. இந்த ஊரில் அதற்கு மேல் ஓர் இடம் கிடையாது.

இன்று கூட்டம் முடிந்து எழும்போது பல்கலைக்கழகத் தலைவர் பிரிஸ்கோ அம்மா கேட்டார்: "மெர்ல், புது லீக்ல மல்யுத்தமே கிடையாதே. நம்ம பசங்க எங்க மோதுவாங்க?"

"பழைய லீக்லயே விருந்தாளியா மோதுவாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான் பண்றாங்க. பேசி வெச்சிருக்கேன்" என்றேன்.

பேசித்தான் வைத்திருக்கிறேன். ஒரு கைகுலுக்கல். எங்கள் தொழிலில் அது போதும்.

ஜனவரி 16

போதவில்லை.

சமவெளி லீக் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எங்கள் மல்யுத்த அணியை விருந்தாளியாகச் சேர்க்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்களாம். ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. "கதவை அடிச்சுச் சாத்திட்டு வீட்டை விட்டுப் போனவருக்கு, சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டு மட்டும் எடுத்து வெக்கணுமான்னு வெர்ஜில் ஸ்டாம் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க" என்றான் அங்கே இருக்கும் புதுத் தலைவன். அவனுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. என்னோடு கைகுலுக்கிய பழைய தலைவர் ஓய்வு பெற்று அரிசோனாவில் வெயில் காய்கிறார்.

ஸ்டாம், வெஸ்ட்ஃபெல் பல்கலைக்கழகத்தின் இயக்குநர். என் மேசையில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறான்!

ஒரு வரி எழுதி வாங்கியிருக்கலாம். ஒரே ஒரு வரி. முட்டாள், முட்டாள். புது லீக்கின் கொடியைப் பார்த்ததும் புத்தி பறந்துவிட்டது.

ஜனவரி 18

பிரிஸ்கோ அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எந்த லீக்கிலும் இல்லாத அணியால் தேசியப் போட்டிக்குப் போக முடியாது. போக முடியாத அணியை வைத்துக்கொள்ள முடியாது. மார்ச் பத்தாம் தேதி நிர்வாகக் குழு கூடும்போது மல்யுத்தத்துக்கு ஒரு வீடு கிடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள்.

"அதுவரைக்கும் வெளியில மூச்சு விடக் கூடாது மெர்ல். கோச்சுகிட்டகூட."

கோச் ரூடி பாவ்லிக். என் லோர்னாவின் தம்பி. நானும் அவனும் ஒரே வருடம் கேல்டருக்கு மல்யுத்தம் செய்ய வந்தவர்கள். நான் அவன் அக்காவைக் கட்டினேன், அவன் மல்யுத்தத்தைக் கட்டிக்கொண்டான். வேறு கல்யாணம் பண்ணவில்லை.

ஜனவரி 22, ஞாயிறு

சர்ச் முடிந்து ரூடி சாப்பிட வந்தான். பன்றி வறுவலை மூன்றாம் முறை போட்டுக்கொண்டே, "மச்சான், அடுத்த வருஷம் என்கிட்ட ஒரு பையன் வர்றான் பாரு. பிடிச்சான்னா முதலை மாதிரி. விடவே மாட்டான்" என்றான்.

நல்லதுடா என்றேன். அவன் தட்டில் உருளைக்கிழங்கு அள்ளி வைத்தேன். லோர்னா என்னையே பார்த்தாள்.

ஜனவரி 30

மிசௌரியில் கேட்டேன், முடியாது. ஒஹாயோவில், ரொம்பத் தூரம். டகோட்டாவில் இரண்டு வருடம் கழித்து வா என்றார்கள். இரண்டு வருடம் கழித்து வர இங்கே யார் இருப்பார்கள்? போனை வைத்ததும் அடுத்த எண். குரலில் கெஞ்சல் வந்துவிட்டது, எனக்கே கேட்கிறது. ஒரு காலத்தில் இவர்களெல்லாம் என்னிடம் யோசனை கேட்டவர்கள்.

டெஸ்ஸாவுக்கு அந்தப் பக்கம் இன்னும் தரவில்லை. "பெரிய லீக்கில் சேர்த்தது" என்ற வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதுவும் நான் செய்ததுதானே.

பிப்ரவரி 3

கேவலமான நாள்.

ரூடி அந்த முதலைப் பையனைக் குடும்பத்தோடு கூட்டி வந்துவிட்டான். எம்மெட் க்ரூஸ். பன்றிப் பண்ணைக்காரர்கள்; அப்பா வாயே திறக்கவில்லை, அம்மா எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள். வேறு இரண்டு கல்லூரிகள் கூப்பிட்டும் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

பயிற்சி அறைச் சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கும் பழைய ஷூக்களை ரூடி காட்டினான். "கடைசிப் போட்டி முடிஞ்சதும் ஷூவைக் கழட்டி மோதுற விரிப்புக்கு நடுவுல வெச்சுட்டு, வெறுங்காலோட நடந்து போயிடணும்மா. அதுக்கப்புறம் அதைப் போடவே கூடாது. நாங்க எடுத்து இங்க மாட்டிருவோம்." பிறகு என் தோளில் தட்டி, "இவரு ஷூ மட்டும் இங்க இருக்காது. முழங்கால் பயிற்சியிலேயே போயிருச்சு, கடைசிப் போட்டின்னே ஒண்ணு நடக்கல. அதான் இன்னும் ஓய்வு பெறாம எங்க உயிரை வாங்குறாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அப்புறம் என் அறையில் அந்த அம்மா என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "எம் புள்ளைய உங்க கையில விடலாமா?"

"தாராளமா விடுங்க. இது அவன் வீடு" என்றேன்.

சொன்னேன். கை குலுக்கினேன். அவள் ஒரு பாட்டில் ஆப்பிள் ஜாம் கொடுத்துவிட்டுப் போனாள், வீட்டில் செய்தது. அது மேசை இழுப்பறையில் இருக்கிறது. திறக்க மாட்டேன். எந்த மூஞ்சியோடு திறப்பது?

பிப்ரவரி 5

லோர்னாவிடம் சொல்லிவிட்டேன். ரூடியிடம் இன்றே சொல் என்றாள். பிரிஸ்கோவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "உன் வாக்கு இப்போ ஊர் முழுக்க இறைஞ்சு கிடக்கு. எதைப் பொறுக்குவே?" என்றாள்.

பிப்ரவரி 8

பனிப்புயல் எச்சரிக்கையோடு வெஸ்ட்ஃபெல் போய்த் திரும்பினேன். ஸ்டாம் அலுவலகத்தில் சந்திக்க மாட்டேன் என்றான். கடைவீதி உணவகம். ரொட்டியைவிட இரண்டு மடங்கு பெரிய வறுத்த பன்றித் துண்டு, அதற்குப் பின்னால் அவன் மூஞ்சி.

"வா வா, பெரிய லீக்காரரே. எங்க ஊர் நாற்காலியெல்லாம் உனக்குத் தாங்குமா?"

உட்கார்ந்தேன். கெஞ்சினேன். ஆம், கெஞ்சினேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல், அந்தப் பையன்கள் என்ன பாவம் செய்தார்கள் என்றேன்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "மெர்ல், நீ போனதுல எனக்குக் கோபமில்ல. என்னைக் கூப்பிட்டிருந்தா நானும்தான் போயிருப்பேன். ஆனா அதை நான் பத்திரிகையில படிச்சேன். பார்பர் கடையில, பாதி முடி வெட்டியிருக்கும்போது. எங்கிட்ட ஒரு போன் பண்ணிச் சொல்ல உனக்கு வாயில்லையா? உன் வீட்டுல சாப்பிட்டவன்டா நான்."

அப்போது போன் செய்யத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. பெரிய லீக்காரர்கள் அறிவிப்பு வரும்வரை யாரிடமும் சொல்லாதே என்றார்கள். சரி என்று தலையாட்டினேன்.

"மல்யுத்தத்தோட எங்க யாருக்கும் சண்டை இல்ல" என்றான் கடைசியில். "ஆனா நீ அந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் ஒருத்தன் கை தூக்க மாட்டான். நீ எழுந்திரிச்சுப் போ. அப்புறம் நான் மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்."

"எழுதித் தருவியா?"

"நீ எனக்கு எழுதியா தந்தே?" கையை நீட்டினான். எண்ணெய்க் கை. "இதுதான் இருக்கு. வேணும்னா பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9

லோர்னா: "அவன் உன்னை நாற்காலியிலேர்ந்து இறக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கப் போறான். நாற்காலியும் போகும், மல்யுத்தமும் போகும்." அவள் சொல்வதில் தப்பே இல்லை. ஒரு கைகுலுக்கலை நம்பி மோசம் போனவன் மறுபடி ஒரு கைகுலுக்கலை நம்பலாமா? அதுவும் யார் கை!

ஆனால் வேறு என்ன இருக்கிறது? சொல்லுங்கப்பா யாராவது. வேற என்ன இருக்கு?

பிப்ரவரி 11

ஜூலையில் புது லீக்கின் கொடியை மைதானத்தில் நான்தான் ஏற்ற வேண்டும். பிரிஸ்கோ அம்மா அதற்கு மேடைகூடப் பார்த்து வைத்துவிட்டார். இரவும் பகலும் அலைந்து வாங்கிய இடம். எனக்கு அந்தக் கொடி வேண்டும். அசிங்கமாக இருக்கிறது எழுத, ஆனால் வேண்டும்.

பிப்ரவரி 14

ரூடிக்குத் தெரிந்துவிட்டது. மிசௌரி கோச் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் செய்திருக்கிறான். ரூடி என் அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். பின்னால் டெஸ்ஸா நிற்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"ஒரே மேசையில உட்கார்ந்து எனக்கு உருளைக்கிழங்கு அள்ளி வெச்சியே மச்சான், அப்பவே தெரியுமா உனக்கு?"

தெரியும் என்றேன்.

"அந்த அம்மாகிட்ட இது அவன் வீடுன்னு சொன்னியே, அப்பவும்?"

தலையாட்டினேன்.

கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா நானும் நாலு இடத்துல கெஞ்சியிருப்பேனேய்யா. ஒத்தையா போய் எல்லாத்தையும் கெடுத்துட்டியே" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. மல்யுத்தத்தில் காது இரண்டும் காலிஃபிளவர் மாதிரி கசங்கிப்போன அந்த மூஞ்சியில் கண்ணீரைப் பார்க்க முடியவில்லை. ஸ்டாமிடம் போனதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். போய்விட்டான்.

நல்லதுதான். சொல்லி, ஸ்டாமும் கை விரித்தால் இவனுக்கு இரண்டாம் அடி.

பிப்ரவரி 17

டெஸ்ஸா கடைசியாகக் கேட்டாள். கட்டடம், பெண்கள் அணிகள், பட்டம் வாங்கிப் போன பிள்ளைகள் – எல்லாம் எழுதிக் கொடுத்தேன். லீக் பற்றிய வரியை விட்டுவிட்டேன். "இதுதானே சார் முக்கியம்?" என்றாள். அதை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும் என்றேன்.

பிப்ரவரி 18, சனி

தூங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

அரங்கம் நிறைந்திருந்தது. செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு காத்திருந்தார்கள்: மூடப் போகும் அணி, மொத்தப் பேரும் ஷூவைக் கழற்றி நடுவில் குவித்துவிட்டுப் போவார்கள் என்று எதிர்பார்ப்பு. ரூடி பையன்களைக் கூப்பிட்டுச் சொன்னது முதல் வரிசையில் எனக்கே கேட்டது: "எவனும் ஷூவில கை வெக்கக் கூடாது. கழட்டினா செத்துட்டோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. புரியுதா?"

இடைவேளையில் என் பெயரைச் சொன்னார்கள். எங்கோ மேல் வரிசையிலிருந்து ஒருவன் "வித்துட்டான்யா!" என்று கத்தினான். பலர் கை தட்டவில்லை. பிரிஸ்கோ அம்மா கேடயத்தோடு விரிப்புக்கு வெளியே, ஒலிபெருக்கிப் பக்கம் நின்றார்.

தெருவில் போடும் ஷூவோடு யாரும் விரிப்பில் ஏற மாட்டார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து கழற்றினேன். கருப்புத் தோல் ஷூ, லோர்னா காலையில் பளபளக்கத் துடைத்துக் கொடுத்தது. ஓரத்தில் விடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். கையில் எடுத்துக்கொண்டேன். விரிப்பின் நடு வட்டத்துக்கு நடந்து போனேன். முழங்கால் வலித்தது. குனிந்து இரண்டையும் சேர்த்து வைத்தேன்.

சத்தம் நின்றுவிட்டது. கத்தினவனும் அடங்கிவிட்டான். இந்த அரங்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. பிரிஸ்கோ அம்மா கேடயத்தை அக்குளில் இடுக்கிக் கை தட்டியபடியே, பக்கத்தில் நின்ற லோர்னாவிடம், "பாவம், அவருக்குக் கால் வலியா?" என்று கேட்டாராம். காரில் வரும்போது லோர்னா சொன்னாள். சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ராஜினாமாக் கடிதத்தைத் திங்கள் கொடுக்கிறேன்.

ரூடி என்னைப் பார்த்தான். வரவில்லை. வெறும் காலுறையோடு பனியில் நடந்து காருக்குப் போனேன். கால் இன்னும் சூடாகவில்லை.

பிப்ரவரி 20

கொடுத்துவிட்டேன். பிரிஸ்கோ அம்மா, "ஜூலை வரைக்கும் இருந்து கொடியேத்திட்டாவது போங்களேன்" என்றார். நாக்கு நுனி வரை சரி என்று வந்தது. வேண்டாம் என்றேன்.

ஸ்டாமுக்குச் செய்தி அனுப்பினேன். எழுந்துவிட்டேன், இனி உன் கையில் என்று.

பிப்ரவரி 27

ஸ்டாமிடமிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 3

ஒன்றும் இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. பார்பர் கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கதை சொல்லிக்கொண்டிருப்பான். பாவி. பாவி நானா அவனா?

பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஜாம் பாட்டில், கேடயம், ஒரு குடை. கட்டடத்தை எந்தப் பெட்டியில் வைப்பது என்றேன். லோர்னா சிரிக்கவில்லை.

மார்ச் 6

இன்று எம்மெட்டின் அம்மா வீட்டுக்கு போன் செய்தாள். பத்திரிகையில் என்னென்னமோ போட்டிருக்கிறதே, உண்மையா என்றாள். "மத்த ரெண்டு காலேஜும் இடத்தை வேற பசங்களுக்குக் குடுத்துட்டாங்க சார். இப்போ நாங்க எங்க போறது?" தெரியாதும்மா என்றேன். முதல் முறையாக அவளிடம் உண்மை சொன்னேன். அவள் திட்டியிருக்கலாம். சரிங்க சார் என்று வைத்துவிட்டாள்.

நாலு ஊருக்குப் பெயர் தெரிந்த மனுஷன் நான். ஒரு பையனுக்கு ஒரு இடம் வாங்கித் தர முடியல. என்னத்த கிழிச்சேன் இத்தனை வருஷமா?

மார்ச் 9

நாளைக்குக் குழு. ஸ்டாம் கூப்பிடவில்லை. தோற்றுவிட்டேன்.

மார்ச் 10

காலையில் போன் அடித்தது. லோர்னாதான் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"என்ன மெர்ல், கால் சூடாயிடுச்சா?" ஸ்டாம். "உன் ஷூ படத்தைப் பத்திரிகையில பார்த்தேன். இந்தத் தடவையும் பத்திரிகையிலதான்டா எனக்குத் தெரியணுமா?"

ஓட்டு என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு பேரு முரண்டு பிடிச்சானுங்க. நேத்துச் சாயங்காலம் வரைக்கும் மல்லுக்கட்டினேன். உங்க பிரிஸ்கோ அம்மாவுக்கு இப்பதான் கடிதம் போச்சு. தட்டு எடுத்து வெச்சாச்சு, பசங்களை அனுப்பி வை. நீ வராதே, இன்னும் கொஞ்ச நாளைக்கு."

போனை வைத்ததும் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லோர்னாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்புறம் எழுந்து ஜாம் பாட்டிலைத் திறந்தேன். ரொட்டிகூட எடுக்கவில்லை, கரண்டியாலேயே தின்றோம்.

மார்ச் 19, ஞாயிறு

ரூடி சாப்பிட வரவில்லை. ஆனால் அக்காவுக்கு போன் செய்தானாம்: "உன் புருஷன் ஷூவை எங்க சுவத்துல மாட்டியிருக்கேன். நாத்தம் தாங்கல."

ஜூலை 1

கொடி ஏற்றினார்கள். புது இயக்குநர், இளைஞர். பேச்சில் என் பெயர் வரவில்லை. வேலிக்கு வெளியே காரை நிறுத்திப் பார்த்தேன். நல்ல காற்று. கொடி நன்றாகத்தான் பறந்தது, வயிறு எரிந்தது.

நவம்பர் 18, சனி

பருவத்தின் முதல் போட்டி. டிக்கெட் வாங்கிக்கொண்டு மேல் வரிசையில் உட்கார்ந்தேன். புது ஷூ கடிக்கிறது. எம்மெட் க்ரூஸ் இரண்டாம் சுற்றிலேயே மல்லாந்து விழுந்து தோற்றான். முதலையாம் முதலை. ரூடி அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எதையோ கத்திக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தி மேல் வரிசைகளைத் துழாவி, என்னைப் பார்த்ததும் தன் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டான். இறங்கிப் போக முழங்காலுக்கு நேரமாகும்.

வழியில் எம்மெட்டின் அம்மா மறித்தாள். "சார், நீங்களா! இன்னும் இங்கதான் வேலையா?"

"இல்லம்மா. சும்மா பார்க்க வந்தேன்."

"ஜாம் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம்மா."

"அப்போ அந்தப் பாட்டிலைத் திருப்பித் தரணும்ல? எங்க ஊர்ல காலி பாட்டில் வந்தாத்தான் அடுத்தது நிரப்புவோம். இங்க இவன் நாலு வருஷம் இருப்பானே!"

வீட்டுக்கு வந்ததும் தேடினேன். லோர்னா பொத்தான்கள் போட்டு வைத்திருந்தாள். கொட்டிவிட்டுக் கழுவி, ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.